தட்டுக்கு வந்த கல்

நுரைச்சாமி வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் போவோர் இல்லை. தட்டில் வெள்ளைப் பொடி. நோயாளி அதில் மூன்று முறை ஊத வேண்டும். சாமி மந்திரத் தண்ணீர் விடுவார். புஸ்ஸென்று நுரை பொங்கும். வயிற்றுக்குள் கல் கரைகிறதாம்! தட்டு காய்ந்ததும் மிஞ்சும் வெள்ளைத் தூளைப் பொட்டலம் கட்டி, இதுதான் உங்கள் கல் என்று கொடுப்பார். ஆதாரம் கையிலேயே இருந்தால் சந்தேகம் எப்படி வரும்? நானும் வரிசையில் நின்றேன். எனக்குக் கல்லே கிடையாது. இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான்.

எனக்கு முன்னால் பேக்கரி மாஸ்டர். பித்தப்பையில் கல். வலி வந்தால் மனுஷன் மாவு மூட்டை மேலேயே சுருண்டுவிடுவார். மறுநாள் காலை ஆபரேஷன். அது வேண்டாமென்று சொல்லிவிட்டு நாலாவது பொட்டலம் வாங்க வந்திருந்தார். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி வழியெல்லாம் சொல்லி மன்றாடினாள். கேட்டால்தானே.

தட்டு வந்தது. மாஸ்டர் ஊத வாயைக் குவித்தார். மனைவி அதைப் பொத்தினாள்.

"யாரும் ஊத வேண்டாம். சாமி, நீங்க தண்ணிய விடுங்க."

சாபம் பிடிக்கும் என்றார் சாமி. அவள் கிண்ணத்தைப் பிடுங்கி ஊற்றியேவிட்டாள். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"இப்ப யாரோட கல்லு கரையுது? தட்டோட கல்லா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் பையிலிருந்து பேக்கரி சோடா உப்பையும் வினிகரையும் எடுத்துக் கலந்தாள். அதே நுரை. வினிகரானாலும் மந்திரத் தண்ணீரானாலும், புளிப்பிலுள்ள அமிலம் சோடாவோடு சேர்ந்தால் காற்று நுரைத்து வெளியேறும், சோடியம் வேறொரு உப்பாகித் தண்ணீரில் தங்கும், அதைக் காயவைத்ததுதான் பொட்டலம் என்று விளக்கினாள்.

மாஸ்டர் சாமியின் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார். இருபது வருஷமாகத் தன் கையால் கேக் மாவில் போடும் சரக்கு. வெட்கத்தில் முகம் தொங்கிப்போயிற்று.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் மனைவியிடம்.

அதற்குள் சாமி பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டியிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து மாஸ்டர் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து கல்லைக் காட்டினார். கோலிக்குண்டு அளவு. துளிகூடக் கரையவில்லை. ஊதச் சொன்னதும் அத்தனை பேரும் வாயைத் திறந்தோமே, ஏன் என்று கேட்க ஒருத்தராவது திறந்தோமா?