யாருக்கும் வேண்டாத கணக்குகள்

"அர்வோ, சௌனா அடுப்பு ஜில்லுனு கிடக்கு! இன்னும் கொஞ்ச நேரத்துல கவுன்சிலருங்க துண்டோட வந்து நிக்கப்போறாங்க!"

நகராட்சிக் கட்டடத்தையும் அதிலுள்ள சௌனா என்ற நீராவிக் குளியலறையையும் பராமரிக்கும் வேய்க்கோ தொலைபேசியில் கத்தினார்.

காலையில்தான் நகராட்சியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அர்வோ சர்வரில் களையெடுத்திருந்தான். ஊழியர்களின் பயனர் கணக்குகளோடு, இயங்குதளத்தை நிறுவும்போதே தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஆளில்லாக் கணக்குகளும் அங்கே இருந்தன. வேண்டாத கணக்கு திருடனுக்குத் திறந்துவைத்த ஜன்னல் என்று மேலாளர் ஹில்க்கா சொல்லியிருந்தார். இன்றோடு அர்வோவின் சோதனைக்காலம் முடிகிறது. வேலை நிலைக்குமா என்பது மாலையில் தெரிந்துவிடும்.

நகராட்சியில் யார் விளையாடப்போகிறார்கள் என்று நினைத்து 'கேம்ஸ்' கணக்கை அழித்தான். அதே சூட்டில் 'நியூஸ்' உட்பட மற்றவற்றையும் அழித்தான். சௌனாவைச் சூடேற்றும் நிரலை எந்தப் புண்ணியவானோ கேம்ஸ் கணக்கில் செருகிவைத்திருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

கேம்ஸை மறுபடி உருவாக்கிவிட்டு, அரை மணி கழித்து வேய்க்கோவை அழைத்தான்.

"இப்ப சரியா அண்ணே?"

"சூடு ஏறுது... ஏறிக்கிட்டே இருக்குப்பா! நிக்கவே மாட்டேங்குது. தலைவர் வெந்த நண்டு மாதிரி ஓடிவந்து ஏரியில குதிச்சுட்டாரு!"

அணைக்கும் நிரல் நியூஸ் கணக்கில் இருந்தது. அதற்கும் உயிர் கொடுத்தான். அடுப்பு அணைந்தது. ஆனால் போன குளிர்காலத்திலிருந்து அந்தக் கணக்கில் சிக்கிக் கிடந்த அறிவிப்பொன்றும் விடுதலையாகி, ஊரார் எல்லாருடைய கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது: 'இன்று பனி அள்ளப்படும். தெருவில் நிற்கும் கார்களை உடனே அகற்றவும்.'

ஜூலை மாதம். அர்வோ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். சுள்ளென்ற வெயிலில் ஊரே வரிசையாகக் காரை நகர்த்திக்கொண்டிருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் மட்டும் பனி வாரும் மண்வெட்டியோடு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"ஹில்க்கா கூப்பிடுறாங்க" என்றாள் வரவேற்பு மேசை சிர்க்கா. "இந்தக் காப்பியக் குடிச்சிட்டுப் போ. திட்டு வாங்கப் போறவன் வெறும் வயித்தோட போகக் கூடாது."

ஹில்க்கா நிமிர்ந்து பார்த்தார். "சௌனா?"

"நான்தான்."

"பனி?"

"அதுவும் நான்தான். எந்தக் கணக்கு யாருக்கு வேணும்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை. அழிச்சப்புறம் கத்தினாங்க, அப்பதான் தெரிஞ்சுது. அந்த ரெண்டும் வேணும். மத்ததையெல்லாம் அழிச்சதுக்கு யாருமே கத்தலை."

"யாருமே?"

"யாருமே."

ஹில்க்கா ஒரு தாளில் கையெழுத்திட்டு அவன் பக்கம் தள்ளினார். பணி நிரந்தரம்.

வெளியே வந்த அர்வோ தாளை இன்னொரு முறை படித்துப் பார்த்தான். "சிர்க்கா, ஊரையே கலங்கடிச்சதுக்கா வேலை குடுக்கறாங்க?"

சிர்க்கா கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு முன்னாடி இருந்த மூணு பேரும் பயந்துக்கிட்டு ஒரு கணக்கையும் தொடலை, சின்னத் தப்புகூடப் பண்ணலை, அதனாலதான் அவங்களை அனுப்பிட்டாங்க!"