தீவு திருப்பி அனுப்பிய மரவள்ளி

கடலே இல்லாத ஊரில் பிறந்தவனுக்குத் தீவுப் பைத்தியம் பிடித்தால் மருந்து கிடையாது. எனக்குப் பிடித்தது எட்டாம் வகுப்பில். அந்தமானுக்கும் தெற்கே, வரைபடத்தில் ஈ எச்சம்போலச் சிதறிக் கிடந்தன அந்தத் தீவுகள். கட்டில் அகல ஆமைகள் அங்கே கரையேறி முட்டையிடும் என்று படித்தேன். அதைப் பார்க்காமல் சாவதில்லை என்று முடிவு செய்தேன். (அப்போது வயது பதின்மூன்று.)

கள்ளக்குறிச்சியில் பல வருடம் செய்தியாளனாக ஓட்டியபின் வாய்ப்பு வந்தது. ஆமைக் காவலுக்குத் தன்னார்வலர் தேவை, கட்டுரையோடு விண்ணப்பிக்கவும். வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி கல்வராயன் மலைச் சரிவுகளை எப்படி விழுங்கியது என்று எழுதி, ‘வெளியூர்ச் செடி ஒன்றுகூடத் தீவில் கால் வைக்கக் கூடாது’ என்று முடித்தேன். தேர்வானேன்.

புறப்படும் காலையில் அப்பா மரவள்ளிக் குச்சிக் கட்டோடு நின்றார்.

“வெறுங்கைய வீசிக்கினு போவாதடா. அங்க நட்டுப் பாக்கட்டும்.”

அரைமணி நேரம் உரையாற்றினேன். மண், பூச்சி, நோய், ஆமை.

“இன்னாமோ சொல்ற. சரி, வாணாம்.”

அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதை நான் சந்தேகித்திருக்க வேண்டும். (செய்தியாளனாம்!)

கப்பலில் மூன்று நாள் வாந்தி. பிறகு சிறு படகு. தீவு பச்சையாக எழுந்து வந்தது. படகுத்துறையில் பரிசோதனை. பெண் அதிகாரி என் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த லுங்கியை எடுத்து உதறினார். சாண் நீளத்துக்கு நறுக்கிய ஆறு குச்சிகள், எங்கள் கொல்லைச் செம்மண்ணோடு உருண்டன. ஒன்று துளிர்த்திருந்தது.

“என்ன இது?”

“அப்பா...” என்றேன். நாற்பது வயதில் சொல்லக்கூடிய விளக்கமல்ல.

போன் போடச் சொன்னார். அந்த அத்துவானத்திலும் சிக்னல் கிடைத்தது என் ஜாதகம். ஸ்பீக்கரில் அப்பா:

“நல்ல ரகம்மா. மாவு ஜாஸ்தி, நாரு கம்மி. ஒரு குச்சி உங்க வூட்டாண்ட நட்டுக்கங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. கோப்பிலிருந்த என் கட்டுரையை எடுத்து, கடைசி வரியை எனக்கே வாசித்துக் காட்டினார்.

குச்சிகளை எரித்தார்கள். என்னை அதே படகில் ஏற்றினார்கள். துறைப் பலகையில் நின்றது நாற்பது நிமிடம். மணலை மிதிக்கவே இல்லை. மறுநாள், என்னோடு படகில் வந்து தீவில் இறங்கிய தன்னார்வலர் ஒருவர் ஆமைப் படம் அனுப்பியிருந்தார். (கட்டிலைவிடப் பெரிதுதான்.)

பிறகு நான்கு முறை விண்ணப்பித்தேன். பதில் இல்லை. படிவத்தில் மட்டும் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருக்கிறது: ‘உங்கள் பையை அடுக்கியது யார்?’

அப்பாவுக்கும் வருத்தம்தான், குச்சியை எரித்துவிட்டார்களே என்று. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஆரம்பித்துவிடுவார்:

“நீங்கல்லாம் இன்னாய்யா மரவள்ளி போட்றீங்க? எங்க குச்சியப் பாத்து ஒரு தீவே பயந்து, எம் புள்ளைய வாசலோட திருப்பி அனுப்பிச்சிது!”