கரடியாரின் உறுமி வண்டியும் புற்றுமண் கட்டும்

ஒரு காட்டில் ஒரு கரடியார் மோட்டார் சைக்கிள் செய்து விற்றுவந்தார். கரடிக்கு எதற்கு மோட்டார் சைக்கிள் என்று கேட்காதீர்கள். கதையில் நரி பேசினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறீர்கள், கரடி வண்டி செய்தால் மட்டும் சந்தேகம் வந்துவிடுமா?

அவர் பெயர் சடையப்பன். வண்டியின் பெயர் உறுமி. தாத்தா கரடி காலத்துத் தொழில். கம்பெனிப் பலகையில் ‘கரடி அண்ட் சன்ஸ்’ என்று இருக்கும். சடையப்பக் கரடியாருக்குப் பிறந்ததோ ஒரே பெண், தேனரசி. ஆனாலும் பலகையை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை, அது தாத்தா கையால் எழுதியது.

உறுமி லேசுப்பட்ட வண்டி இல்லை. கிளம்பினால் ‘டப்... டப்... டப்...’ என்று மலையடிவாரம் வரை கேட்கும். பழுத்த நாவல்பழமெல்லாம் தானாக உதிரும். எண்ணெய் கொஞ்சம் ஒழுகும், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வளைவில் திருப்ப வேண்டுமென்றால் ஓட்டுகிறவர் கொஞ்சம் முன்னதாகவே மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் காட்டெருமை, யானை வாத்தியார், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் புலி எல்லாரும் உறுமிதான் வைத்திருந்தார்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ‘முதல் உதை’ என்று பெயர். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, வாங்குகிறவர் எல்லார் முன்னாலும் தன் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். கிளம்பினால் சர்க்கரைப் பொங்கல். கிளம்பாவிட்டால், “இன்னொரு நல்ல நாள்ல வாங்க” என்று மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உதைப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. வண்டியின் உதைக்கிற கட்டையை மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே ஓரிடத்தில் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தைக் கால் உணர்ந்தபிறகு, விட்டு, மேலே வரவிட்டு, முழு உடம்போடு ஒரே உதை. பொறுமையில்லாமல் உதைத்தால் கட்டை திரும்பி வந்து காலை அடிக்கும். “அவசரக்காரன் காலை உறுமி வாங்கிக்கும்” என்பார் தாத்தா கரடி.

இப்படி ஜாம்ஜாமென்று போய்க்கொண்டிருந்த தொழிலில், ‘மின்மினி’ என்று ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வந்து மண்ணைப் போட்டது. பட்டனைத் தொட்டால் போதும், பூனை நடப்பதுபோல் சத்தமில்லாமல் போகும். காட்டின் இளசுகளெல்லாம் அதில் ஏறிக்கொண்டன. பெற்ற பெண் தேனரசியே மின்மினியில்தான் கல்லூரிக்குப் போனாள்.

“ஏம்மா, வீட்டுல உறுமி நிக்கும்போது இந்தப் பொம்மையில போறியே?” என்று கேட்டார் கரடியார்.

“அது அங்கிள் வண்டிப்பா.”

“நம்ம வண்டிம்மா!”

“நம்ம வண்டிதான்ப்பா. உங்க பின்னால உக்காந்து அதுல போய் இறங்கினா என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எழுந்து நின்னு வணக்கம் வைக்கிறாங்க. ஒருத்தி ஆசீர்வாதம்கூடக் கேட்டா.”

கரடியாருக்குச் சுருக்கென்றது. கம்பெனி நொடிப்பதுகூட அவருக்கு இரண்டாவது கவலைதான். பெற்ற பெண் ஒரு தடவை உறுமியை உதைத்துக் கிளப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும், அதுதான் அவர் ஆசை.

இந்த நேரம் பார்த்துக் கூட்டாளி முதலையார் வந்து சேர்ந்தார். ஷெட் நிற்கிற ஆற்றோரத்து நிலம் அவருடையது.

“சடையப்பா, வர்ற ஆடிப்பெருக்குத் திருவிழாவுக்குள்ள சின்னஞ்சிறுசுங்க உறுமி வாங்க வரணும். இல்லேன்னா ஷெட்டை இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டிடலாம். ஏசி ஹால். கீழ பார்க்கிங். எனக்கும் மனசு கேக்கலப்பா” என்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. முதலையாருக்கு அது தினமும் கொட்டுவதுதான், யாரும் துடைக்கப் போவதில்லை.

கரடியார் பயந்துபோய் ஆலோசகர் நரியாரைக் கூப்பிட்டார். நரியார் வெளிக்காட்டில் படித்தவர், கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் தூங்கக்கூட மாட்டார். வந்ததும் இளசுகளை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். ‘உங்கள் கனவு வண்டி எது?’ என்று கேட்டிருந்தது. பறக்க வேண்டும் என்று எழுதியது அணில். கண்ணாடி இன்னும் பெரிதாக வேண்டும் என்றது மயில். சத்தம் கேட்டால் புலி வருகிறது, சத்தமே கூடாது என்றது மான். பேனா எடுத்துவராத ஆடு படிவத்தைத் தின்றுவிட்டது.

“தெளிவா இருக்கு சார்” என்றார் நரியார். “உதைக்கிற கட்டையை எடுத்துடலாம். பட்டன் வெச்சுடலாம். கலரு வயலட். ஃபோன்ல ஒரு ஆப். பேரும் கொஞ்சம் நீளம், உறுமின்னு வேண்டாம், ‘உறு’ன்னு வெச்சுக்கலாம்.”

“அந்த ‘மி’ எங்க சார் போச்சு?”

“யூத் ஃபில்-அப் பண்ணிக்குவாங்க சார்.”

கரடியாருக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் படித்தவர் சொல்கிறாரே என்று தலையாட்டினார். தாத்தா காலத்து முதல் உதை அன்றோடு நிறுத்தப்பட்டது.

ஆடிப்பெருக்கும் வந்தது. ஆற்றங்கரையில் காடே கூடியிருந்தது. மேடையில் வயலட் வண்டி மாலையோடு நின்றது. முன்வரிசையில் தேனரசி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். நரியார் பட்டனை அழுத்தினார். வண்டி அசையவில்லை.

“ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதை அடிச்சாத்தான் கிளம்பும்” என்றார் நரியார். அந்தக் காட்டில் ஆலமரத்து உச்சியில்தான் சிக்னல். ஒரு மந்தி ஃபோனோடு ஏறி, நம்பரைப் பார்த்துக்கொண்டு, மூச்சிரைக்க இறங்கி வந்து சொன்னது. அதற்குள் அந்த நம்பரின் ஆயுள் முடிந்திருந்தது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. கூட்டம் கெக்கலி கொட்டியது. தேனரசி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் கரடியாருக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். விறுவிறுவென்று ஷெட்டுக்குள் போனார். தாத்தாவின் பழைய உறுமியைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார்.

“பட்டனாம் பட்டன்! வண்டின்னா என்னன்னு பாருங்கடா!” என்று கத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, ஓங்கி உதைத்தார்.

மெதுவாக அழுத்தவில்லை. முட்டுகிற இடத்தைப் பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததை அந்த ஒரு நொடியில் மறந்துவிட்டார். உறுமி மறக்கவில்லை. கட்டை திரும்பி வந்து அடித்த அடியில் கரடியார் எழும்பிப் போய்ப் பானகப் பானைக்குள் விழுந்தார். ‘மளுக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. பானையும் உடைந்தது, காலும் உடைந்தது.

உடும்பு வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். எலும்பு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, உடும்புப் பிடி ஆயிற்றே. புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி, முழங்கால் வரை கட்டிவிட்டார். முதலையார் உடனே மேஸ்திரியை வரவழைத்து மண்டபத்துக்கு அளவெடுக்கத் தொடங்கினார். கரடியார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கால் போனது போகட்டும், மகள் முன்னால் மானம் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

விடிந்து பார்த்தால் ஷெட் வாசலில் நீள வரிசை நின்றது. எல்லாம் இளசுகள். கேலி செய்ய வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கரடியார் நொண்டிக்கொண்டே தடியோடு வெளியே வந்தார்.

வரிசையின் முதலில் நின்ற இளஞ்சிறுத்தை ஃபோனை நீட்டியது. மரத்து மந்தி எடுத்த வீடியோ. கரடியார் பறக்கிறார், பானை உடைகிறது, மறுபடி பறக்கிறார். காடு காடாகப் பரவியிருந்தது.

“அங்கிள், இந்த வண்டி வேணும்.”

“எதுக்குப்பா?”

“ஓனரையே உதைக்குது அங்கிள்! என்னா கெத்து!”

“பட்டன் வெச்சது ஒண்ணு இருக்குப்பா, வயலட் கலர்ல...”

“ச்சீ, அது உதைக்காதே.”

கரடியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான். முதல் உதை திரும்ப வந்தது. எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார். “மெதுவா அழுத்தணும்ப்பா, முட்டுற இடம் ஒண்ணு வரும்...” என்று ஆரம்பித்தார். சிறுத்தை அவரைப் பார்க்கவே இல்லை. “ஏய், சரியா ஃப்ரேம்ல வருதா?” என்று நண்பனிடம் கேட்டுவிட்டு ஓங்கி உதைத்தது. அது பறந்த அழகைச் சொல்ல முடியாது. விழுந்த இடத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. வண்டி கிளம்பவில்லையே என்று கரடியார் மோரை நீட்டினார், அதற்குள் முதலையார் பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்ததாக முயல், அதற்கடுத்துக் காட்டுப்பன்றி. உடும்பு வைத்தியர் ஷெட்டுக்குள்ளேயே ஓரமாகப் பாய் விரித்துக் கடை போட்டுவிட்டார். கட்டின்மேல் கம்பெனியின் கரடிப் பாத முத்திரை குத்தித் தரச் சொன்னது முதலையாரின் யோசனை.

கொஞ்ச நாளில் காலில் கட்டு இல்லாத இளசைக் காட்டில் யாரும் மதிக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளைக்குக் கால் நல்லா இருக்கே, ஏதும் குறையா?” என்று கேட்டார்களாம். முதலையார் பாதி ஷெட்டை மறித்துக் கட்டுப் போடுகிற மண்டபம் ஆக்கினார். ஏசி ஹால், கீழ பார்க்கிங். நரியார், இதெல்லாம் தம் படிவத்தில் அன்றே தெரிந்தது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

ஒருநாள் சிறுத்தை கடைத்தெருவில் கரடியாருக்கு எதிர்ப்பட்டது. மின்மினியில் போய்க்கொண்டிருந்தது.

“என்ன தம்பி, உறுமி எப்படி ஓடுது?”

“ஓடுறதா?” என்று விழித்தது சிறுத்தை. “கால்ல கட்டோட எப்படி அங்கிள் உதைக்கிறது? வீட்டுல நிக்குது. செமையா நிக்குது!”

கரடியார் அப்போதுதான் கவனித்தார். உறுமி விற்றுத் தீர்ந்துகொண்டிருக்க, காட்டில் ஒரு ‘டப்’ சத்தத்தைக் காணோம். நாவல்பழம் மரத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

அவர் பாடும் திண்டாட்டம்தான். கால் கூடிவிட்டது, ஆனால் முதலையார் கட்டுப் பிரிக்க விடவில்லை. “உன் காலைப் பார்த்துத்தானேப்பா யாவாரமே நடக்குது” என்று கண்ணீர் விட்டார். தாத்தாவின் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைப்பதோடு கரடியாரின் ஆசை நின்றுபோனது.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் தேனரசி வந்து நின்றாள்.

“அப்பா, எனக்கும் ஒரு உறுமி வேணும்.”

கரடியார் துணியைக் கீழே போட்டார். தாத்தாவின் வண்டியையே நகர்த்தி வைத்தார். எலுமிச்சம்பழத்தைத் தாமே வைத்தார். தேங்காயையும் தாமே உடைத்தார். பொங்கல் வாசனைக்குக் காட்டெருமைத் தலைவரும் யானை வாத்தியாரும் வந்து நின்றார்கள்.

தேனரசி காலை வைத்தாள். குட்டியாக இருந்தபோது ஷெட்டில் தவழ்ந்து வளர்ந்தவள், முதல் உதை எத்தனை பார்த்திருப்பாள்! மூளை மறந்தாலும் கால் மறக்கவில்லை. தன்னை அறியாமல் மெதுவாக அழுத்தினாள். முட்டியது. விட்டாள். மேலே வரவிட்டாள். ஒரே உதை.

‘டப்... டப்... டப்... டப்...’

நாவல்பழம் பொலபொலவென்று கொட்டியது. காட்டெருமைத் தலைவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கரடியார் விசும்பி விசும்பி அழுதார். பிறந்ததிலிருந்து இப்படியொரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

தேனரசி குனிந்து தன் காலைப் பார்த்தாள். வண்டியை நிறுத்திவிட்டு, இந்தத் தடவை வேண்டுமென்றே அவசரமாக ஓங்கி உதைத்தாள். அதற்கும் கிளம்பிவிட்டது. சூடேறிய எஞ்சின், வம்சத்துக் கால், என்ன செய்வது! ஓவென்று அழத் தொடங்கினாள்.

“ஏன்டாம்மா அழறே? நீ ஒருத்திதான்டா சரியா உதைச்சே!”

“அதான்ப்பா! உறுமிக் கம்பெனி ஓனர் பொண்ணு நான். எல்லாரும் கட்டோட வர்றாங்க. நான் மட்டும் முழுக்காலோட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் காலேஜுக்குப் போவேன்?”

கரடியார் யோசித்துப் பார்த்தார். தொழில் தொழில்தான், பெண் பெண்தான். நேராக உடும்பு வைத்தியரிடம் போனார்.

“வைத்தியரே, உடையாத காலுக்குக் கட்டுப் போடுவீங்களா?”

“காலுக்குத் தெரியாம போட்டுடலாம் கரடியாரே” என்றார் உடும்பு. “கழட்டி மாட்டுற மாதிரியே செஞ்சு தர்றேன்.”

தேனரசி அந்தக் கட்டை மாட்டிக்கொண்டு, நன்றாக நொண்டி நடந்து பார்த்து, அப்பாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, மின்மினியில் ஏறிச் சத்தமில்லாமல் போனாள். மறுவாரம் முதலையார் கம்பெனிப் பலகையை இறக்கிப் புதுப் பலகை மாட்டினார். ‘கரடி அண்ட் டாட்டர்: உடைந்த காலுக்கும் உடையாத காலுக்கும் இங்கே கட்டு கிடைக்கும்’ என்று இருந்தது. அதன்பிறகு உறுமி கேட்டு யாரும் வரவில்லை. கட்டு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள், அதுதான் வசதியாக இருந்ததாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், ஷெட்டில் ஆளில்லாத மதிய வேளையில், தேனரசி பின்வாசலில் வந்து கட்டைக் கழற்றி வைப்பாள். கரடியார் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறிக்கொள்வார். தான் முழுக்காலோடு வண்டி ஓட்டுவதை யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே என்று அவள் முகத்தை இறுக்க மூடிக்கொள்வாள். பிறகு ஒரே உதை. மலையடிவாரம் வரை போய்த் திரும்பி வருவார்கள். அது என்ன சத்தம் என்று இளசுகள் கேட்டால், இடி என்று சொல்லிவிடுவார் யானை வாத்தியார்.

நீதி: பழைய வண்டியை இளசுகள் தலையில் கட்ட வேண்டுமானால், முதலில் அவர்கள் காலை உடை. ஓட்டத் தெரிந்தவனாக இருந்தால், முகத்தை மூடிக்கொள்.