முப்பது சதவீத முதலாளி

அந்தத் திங்கட்கிழமை சிலுவைராஜ் முதலாளி ஆனார். காரைக்காலில் பத்துத் தெருவுக்கு அவர் ஏ.சி. மெக்கானிக். ஆனால் தான் ஒரு முதலாளி என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. யூடியூபில் கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லிவிட்டார்.

இதுவரை ஒரு ஏ.சி. சர்வீஸுக்கு ஐந்நூறு ரூபாய். அது மனைவி அமலராணி வைத்த விலை.

"பெட்ரோல், கூலி, தேய்மானம் போக முப்பது பர்சன்ட் லாபம் நிக்கணும் ராணி. இனிமே அறுநூத்தம்பது."

"தேய்மானம்னா?"

"தேயறது."

"எது தேயுது?"

வீடியோவில் அந்த இடத்தில் விளம்பரம் வந்திருந்தது. சிலுவைராஜ் குரலை உயர்த்தினார். "இந்த ஒரு மாசம் வெலை என் கையில. நீ என்கிட்ட வாயே தொறக்கக் கூடாது."

"தொறக்கல. மாசக் கடைசியில கையைக் கடிச்சா?"

"அப்புறம் ஆயுசுக்கும் நீ சொல்றதுதான் வெலை!"

அமலராணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோதுதான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷனுக்கு உறைத்ததே இல்லை.

முதல் போன் திருமலைராயன்பட்டினம் காதர் பாட்சாவிடமிருந்து.

"அறுநூத்தம்பதா? தம்பி, ஏ.சி.யைக் கழுவத்தான் கூப்பிட்டேன். வெலைக்குக் கேக்கல."

டொக். அடுத்து வந்த எல்லாரும் டொக். ஒரு வாரம் டூல்ஸ் பை மூலையில் படுத்துத் தூங்கியது. பக்கத்தில் சிலுவைராஜ்.

அப்போதுதான் தேன் போல ஒரு குரல் வந்தது. "ஜோவிதா கூலிங் சர்வீஸ்ல இருந்து பேசறோம் சார். தெனம் வேலை தர்றோம். முப்பது பர்சன்ட் தள்ளுபடி தருவீங்களா சார்?"

முதல் 'சார்' காதில் விழுந்ததுமே சிலுவைராஜ் பாதி விழுந்துவிட்டார். முப்பது ஏற்றினோம், முப்பது இறக்குகிறோம், பழைய ஐந்நூறு வந்துவிடும். மானமும் போகவில்லை. "சரிங்க மேடம்!"

திருவேட்டக்குடிக்குப் போனார். நெடுங்காட்டுக்குப் போனார். ஒவ்வொரு வேலைக்கும் வந்து விழுந்தது நானூற்று ஐம்பத்தைந்து. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். 455. போனை அணைத்து, திரும்ப உயிர்ப்பித்துப் போட்டார். அப்போதும் 455.

"ராணி, ஏத்தினதும் முப்பது, எறக்கினதும் முப்பது. நடுவுல நாப்பத்தஞ்சு எங்க போச்சு?"

"நான்தான் வாய் தொறக்கக் கூடாதே!"

மறுவாரம் ஜோவிதா மேடம் அவரை அனுப்பியது காதர் பாட்சா வீட்டுக்கு. சிலுவைராஜுக்குத் தலை சுற்றியது. கழுவி முடித்ததும் கேட்டேவிட்டார்.

"அன்னைக்கு வேணாம்னு போனை வெச்சீங்களே பாய்?"

"அறுநூறுன்னு உங்க வீட்டம்மா பேசி முடிச்சிட்டாங்களே தம்பி. காலையிலயே ஜிபே பண்ணிட்டேன்."

பைக் வீட்டுக்கு எப்படி வந்தது என்று பைக்குக்குத்தான் தெரியும்.

"யாருடி அந்த ஜோவிதா?"

"என்கூட கான்வென்ட்ல படிச்சவ. உங்களோட பேசறதுக்கு ஒரு வேலைக்கு இருபது ரூபா குடுக்கறேன்."

"வாய் தொறக்க மாட்டேன்னியே!"

"உங்ககிட்ட தொறந்தேனா? உங்ககிட்ட டொக்குன்னு வெச்சவங்க எல்லாம் எனக்குப் போன் பண்ணாங்க. அவங்ககிட்டத்தான் பேசினேன்."

"அறுநூறு எப்படிடி குடுத்தாரு அந்த மனுஷன்?"

"நீங்க எடுத்ததும் வெலையைச் சொன்னீங்க. நான் அவரு பொண்ணு பிரசவத்தை விசாரிச்சேன்."

"அப்ப நடுவுல நிக்கிற லாபம்?"

"முதலாளிக்கு."

சிலுவைராஜ் துள்ளி எழுந்தார். "அறுநூத்தம்பதுக்கு ஒரு பைசா கொறஞ்சாலும் இனிமே உன் கம்பெனிக்கு வேலை செய்ய மாட்டேன்!"

"சரிங்க. அடுத்த தெரு மெக்கானிக் வில்சன் நானூத்தி நாப்பதுக்கு வர்றேன்னு கேட்டுட்டுப் போயிருக்கான்."

துள்ளி எழுந்தவர் மெல்லத் திரும்ப உட்கார்ந்தார்.

"நானூத்தி முப்பதுன்னா," என்றார் சிலுவைராஜ், "நாளைக்கு எந்த ஊருக்குப் போகணும் ராணி?"