கஞ்சிக் கிடாரத்தில் கலக்ஸி

இதை எழுதுவதா விடுவதா என்று தயங்கித் தயங்கியே பல நோன்புகள் கடந்துவிட்டன. எழுதினால் ஒரு நல்ல மனிதரை ஊர் சிரிக்க விட்டதாகிவிடுமோ என்று பயம். எழுதாததால் மட்டும் ஊர் சிரிக்காமல் இருந்ததா? பக்கத்து ஊர் மருதமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. ஆகவே பிஸ்மி சொல்லி, கண்டதை எழுதுகிறேன்.

காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். கலக்ஸி காக்காவைப் போல வாய் ஓயாத ஒருவர் கல்முனைக்குடியில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. முடி வெட்டப் போனால், வெட்டுகிறவர் கதையில் மயங்கி ஒரு பக்கத்தை மறந்துவிடுவார். கட்டாரில் இருக்கும் மகன் ஒரு நல்ல போன் அனுப்பியிருந்தான். அதில் வானத்தைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து மனிதர் பூமிக்கு இறங்குவதையே விட்டுவிட்டார். எந்நேரமும் கலக்ஸி எனும் நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றியே பேச்சு; சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும்தான் மிஞ்சியது.

ரமழானில் எங்கள் பள்ளிவாசலில் அண்டா போன்ற பெரிய கிடாரத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். மனைவி மௌத்தான பிறகு வருஷம் முழுக்க அந்த ஒரு மாதத்துக்காகவே காத்திருந்தார். "வீட்டில ஆருக்கு உலை வைக்கிற மகனே? இங்க ஊருக்கே வைக்கிறன்" என்பார்.

நண்பகல் லுஹர் தொழுததும் அடுப்பு மூளும், கூடவே அவர் வாயும் மூளும்.

"மச்சான், நம்மட பால்வீதி இரிக்கே, அது சுருள் கலக்ஸி. கையை விரிச்சிச் சுழலும். அந்தக் கையில வாயு நெருங்கி இறுகித்தான் நட்சத்திரம் பிறக்கிற."

"பிறந்தா என்ன காக்கா?" என்பேன், அகப்பையால் துழாவிக்கொண்டே.

"பிறந்தா சும்மா இரிக்குமா? பெரிய நட்சத்திரமெல்லாம் நம்மட பள்ளிவாசல் தலைவர் மாதிரி. வெளிச்சத்தால தள்ளும், காத்தா ஊதும், கடைசில வெடிச்சே போடும். சுத்தி இரிக்கிற வாயு எல்லாம் சிதறி ஓடும். பிறந்த வீட்டையே கலைக்கிற சாமான்!"

"அப்ப நட்டம்தானே?"

"அங்கதான் ஹிக்மத்து, சூட்சுமம் இரிக்கி. கலைக்காட்டி, இருக்கிற வாயு எல்லாம் கெதியா நட்சத்திரமாகி முடிஞ்சிரும். பிறகு ஒண்டும் பிறக்காது. தள்ளினதில கொஞ்சம் வேற இடத்தில நெருங்கிப் புதிசாப் பிறக்கும். மேல எறிஞ்சதில கொஞ்சம் ஆறித் திரும்ப விழும். அதாலதான் கலக்ஸி மெதுவா, ஆறுதலா, காலகாலமா நட்சத்திரம் பெறுது. அல்லாஹ்ட கணக்கு!"

இப்படியான ஒரு நாளில், தேங்காய்ப்பால் ஊற்றிய நேரம் பார்த்துக் காக்கா நட்சத்திரம் வெடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். "இப்பிடி வெடிக்கும்!" என்று இரண்டு கைகளையும் விரித்தார். எல்லோரும் கைகளைப் பார்த்தோம். கிடாரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கஞ்சி எழும்பியது, விளிம்பைத் தாண்டியது, நெருப்பின் மேல் கொட்டியது. ஒரே சீறல், ஒரே புகை. மாலை அஸர் தொழுகைக்கு வந்தவர்கள் இருமிக்கொண்டே கை கால் கழுவி ஒழுச் செய்தார்கள். மேற்பார்வைக்கு வந்த தலைவரின் வெள்ளை ஜுப்பாவெல்லாம் கஞ்சிப் பொட்டு.

அத்தோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பார்கள். காக்கா துள்ளிக் குதித்தார்.

"பாத்தீங்களா! இதத்தான் சொன்ன! பொங்கித் தன்ட நெருப்பத் தானே அணைச்சிட்டு!"

"காக்கா, ஊரே நோன்போட நிக்கிது. நீங்க சந்தோசப்படுறீங்க?" என்றார் தலைவர், தாடியைத் துடைத்தபடி. "நாளைக்கு வாயத் திறந்தா அகப்பைய வெச்சிட்டு வீட்ட போங்க."

மௌலவி மட்டும் இரங்கினார். "வானத்தைச் சிந்திக்கிறது நல்லம் காக்கா. கிடாரத்தையும் கொஞ்சம் சிந்திங்க."

மறுநாள் காக்கா வாயைத் திறக்கவே இல்லை. உப்புப் போட்டாச்சா என்றால் தலையாட்டல், விறகு போதுமா என்றால் தலையாட்டல். கிடாரத்தை இழந்துவிடுவோம் என்ற பயம் கண்ணில் தெரிந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். ஒருவர் குர்ஆன் ஓதப் போனார், ஒருவர் நிழலுக்குப் போனார், நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அவர் கதையைக் கேட்க நின்ற சாட்டில்தான் நாங்கள் மாறி மாறி அகப்பை பிடித்தோம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை பெரிய கிடாரத்துக்கு அந்த வயதான கைகள் இரண்டும் எப்படிக் காணும்? கஞ்சி அடிப்பிடித்தது. நோன்பு திறந்த மஹல்லா முழுக்கக் கரிந்த மணம்.

"பொங்கினாலும் அது கஞ்சி. இது கரி" என்று என் மனைவி கிண்ணத்தை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு தலைவர் நேரே அடுப்படிக்கு வந்தார். காக்கா அகப்பையை ஓரமாகச் சாத்தி, தோள் சால்வையை எடுத்து உதறினார். போகத் தயாராகிவிட்டார்.

தலைவர் சட்டைக் கையை மடித்து அகப்பையைத் தானே எடுத்தார். கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு கிடாரத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"காக்கா, அந்த மேல எறிஞ்ச வாயு திரும்ப விழும் எண்டீங்களாமே, அது எப்ப விழும்?"

கலக்ஸி காக்கா முதலில் கஞ்சியைப் பார்த்தார். குனிந்து, தீ தணிய இரண்டு கொள்ளியை வெளியே இழுத்தார். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார். அஸர் பாங்கு சொல்லும்போதும் அந்த வாயு இன்னும் விழுந்து முடியவில்லை.

இப்போது அவர் வயது போய், தூரத்தில் வரிப்பத்தான்சேனையில், மகள் வீட்டில். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். இந்த நோன்பில் அவர் இல்லாமல் காய்ச்சிய எங்கள் கஞ்சி பொங்கி வழியவும் இல்லை, அடிப்பிடிக்கவும் இல்லை. குடித்து முடித்ததும் எல்லோரும் ஒருமுறை வரிப்பத்தான்சேனைப் பக்கம் பார்க்கிறோம்.