மார்ஜின் சாரும் இரண்டு விரல் கறுப்பும்

கோணலாக இருக்கும் எதையும் நிமிர்த்தாமல் தாண்டிப் போகத் தெரியாத மனிதர் காரைக்குடியிலேயே மார்ஜின் சார் ஒருவர்தான். நோட்டில் மார்ஜின் கோடு கோணினாலும் விடமாட்டார், அதனால் வந்த பெயர். புதுவயல் டவுன் பஸ்ஸின் ஊர்ப்பலகை சாய்ந்திருக்கிறது என்று ஒருநாள் இறங்கிப்போனார். அதை நிமிர்த்தி முடிக்கும்வரை முப்பது பேர் உள்ளே வெந்துகொண்டிருந்தோம். டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அவருக்குப் பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் அவர்தான் மூத்த ஆசிரியர். அவருக்கு அடுத்து நானும் ரோசி டீச்சரும். மாணவர்களைவிட மின்விசிறிகள் அதிகம் என்பதால், ரோசி டீச்சரை நிறுத்திவிடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். இருந்த ஒரே நம்பிக்கை சாக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்று. அங்கே எங்களை வைத்துக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க நினைத்தார்கள். ஆனால் சாஃப்ட்வேர் இலவசமாக இருக்கவேண்டும். சனிக்கிழமை தாளாளர் ஃபாதர் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு.

சிங்கப்பூர் மைத்துனர் கழித்துக் கொடுத்த தன் லேப்டாப்பில், பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து மார்ஜின் சார் லினக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டார். ஓடியது. ஆனால் படம் திரையின் நடுவில் தபால்தலை மாதிரி உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு.

முதலாளி மேசையைக் கிழக்கே திருப்பச் சொன்னார். நான் லேப்டாப்பின் தலையில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மார்ஜின் சார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே இருந்து படம் காட்டும் சிப்பின் பெயரை லினக்ஸின் பட்டியலில் நாங்கள் உத்தேசமாகத் தேர்ந்தெடுத்திருந்தோம்; சரியான பெயர் தெரியாததால்தான் லினக்ஸ் பயந்துபோய்ச் சின்னப் படம் காட்டுகிறது என்றார். லேப்டாப் கிளம்பும்போது சரசரவென்று ஓடும் வரிகளில் அந்தப் பெயர் எங்கோ வந்து மறையும். ஆகவே மேல் வரிகளுக்கு முதலாளி, நடுவுக்கு நான், கீழே ரோசி டீச்சர் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பதினேழு முறை அணைத்துப் போட்டார். பதினேழு முறையும் முதலாளி சரியான நேரத்தில் கண்ணைச் சிமிட்டினார்.

சனிக்கிழமை காலை, ஃபாதரின் ஜீப் வாசலில் வந்து நின்றபோதுதான் ரோசி டீச்சர் அந்தப் பெயரைப் பிடித்தார். நாங்கள் பட்டியலில் தேர்ந்தெடுத்திருந்த அதே பெயர்தான். கடைசியில் ஓர் எழுத்து கூடுதல்.

ஃபாதர் சின்னப் படத்தைக் குனிந்து பார்த்தார். "இதுவே நல்லாத்தானே தெரியுது சார். எதுக்கு இம்புட்டுக் கஷ்டப்படுறீக?"

முதலாளி வேகமாகத் தலையாட்டினார்.

"கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குத் தெரியாது ஃபாதர்" என்றபடியே மார்ஜின் சார் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தார். திரை முழுக்க இருண்டது. முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ரோசி டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு படம் வந்தது, நாலு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு. ஃபாதர் நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அங்கிருந்தே திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். திங்கட்கிழமையே வகுப்பைத் தொடங்கிவிடலாம் என்றார்.

எல்லாரும் போனபின் மார்ஜின் சார் லேப்டாப்பை மூடி ரோசி டீச்சர் மேசையில் வைத்தார். "எழுத்தைப் பிடிச்சது நீங்க. இதை வச்சு அந்தப் பள்ளிக்கூட வகுப்பை நீங்களே நடத்துங்க டீச்சர். எனக்குக் கரும்பலகை போதும்."

டீச்சர் லேப்டாப்பைக் கையில் எடுப்பதற்குள் சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மனிதரோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கர்வம் உண்டு.