பொன்னாயி வேடம்

"வாத்தியாரையா, நாடகத்துல பொன்னாயிக்குப் புருசன் எதுக்குங்க? அவனைத் தூக்கிருங்க."

சொன்ன பரமசிவன்தான் பொன்னாயியின் நிஜப் புருசன். நாடகத்தில் பொன்னாயியாக நடிக்கப்போகிறவனும் அவனே. மகளிர் ஆண்டு என்று ஊரெல்லாம் விழா எடுத்தார்கள். கட்டபெட்டு மலைப் பக்கம் சிலோனிலிருந்து வந்து குடியேறிய தோட்டத்து ஜனங்களும் தங்கள் பொன்னாயியின் கதையை மேடையேற்றத் தீர்மானித்தார்கள். ஆனால் பெண்பிள்ளை மேடை ஏறலாமா? பெண்ணின் பெருமையைச் சொல்லவும் ஓர் ஆண்தான் வேண்டியிருந்தது. சிலோனில் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவன் என்று பரமசிவனைப் பிடித்துப் போட்டார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலோனில் வேலைநிறுத்தத்தின்போது தோட்டத்துத் துரை ஆள்களோடு வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைப் பூட்டப் பார்த்தார். பொன்னாயி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து, "என்னைத் தாண்டிப் பூட்டுங்க" என்றாள். துரை திரும்பிப் போனார். அந்த நேரத்தில் அவள் புருசன், ஆள் கூப்பிடச் சங்க ஆபீசுக்கு ஓடியிருந்தான்.

கடைசி வாக்கியம் மட்டும் பரமசிவன் சொன்னது. உண்மையில் அவன், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில், ஈரத்துணி மூட்டைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கப்பலேறி, கரையேறி, மலையேறி வந்தும் பொன்னாயியிடம் இதை அவன் சொல்லவில்லை. தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

புருசனைத் தூக்கச் சொன்னதைக் கேட்டு, நாடகம் எழுதிய தேவநேசன் வாத்தியார் உருகிப்போனார். "ஏனுங்க, இத்தனை அடக்கமா உங்களுக்கு?" என்று, புருசன் கொட்டும் மழையில் ஓடுகிற காட்சி ஒன்றைப் புதிதாகச் சேர்த்துவிட்டார்.

"அப்ப அவனைச் சாகடிச்சிருங்க" என்றான் பரமசிவன். இது பொன்னாயி காதுக்குப் போனது.

"நான் குங்குமத்தோட இருக்கிறது பொறுக்கலியா உங்களுக்கு?" என்று சண்டைக்கு வந்தாள். அவளைச் சமாதானம் செய்யப்போய், புருசன் ஊரைத் திரட்டிக்கொண்டு வீரனாகத் திரும்புவதற்கு அவனே தலையாட்ட வேண்டியதாயிற்று.

தொண்டை கட்டிவிட்டது என்றான். மிளகுக் கஷாயம் வந்தது. "அம்புட்டு தூரம் ஓடின காலு" என்று நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தும் விட்டாள். பரமசிவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கால் ஓடிய தூரம் அவனுக்கல்லவா தெரியும்!

விழா அன்றைக்குப் பரமசிவன் தலையில் வாத்தியார் குண்டைத் தூக்கிப் போட்டார். "பொன்னாயியம்மாவுக்கு மட்டுமில்லீங்க, ஓடி உதவின புருசனுக்கும் பொன்னாடை உண்டுங்க!"

ஒரே கைதட்டல். பொன்னாயியின் சேலையைக் கட்டி, அவளே வைத்துவிட்ட பொட்டோடு பரமசிவன் மேடையில் வாசற்படிக்குக் குறுக்கே உட்கார்ந்தான். துரையாக வந்த மனுவேல், அரைக்கால் சட்டையில் குளிருக்கு நடுங்கிக்கொண்டே அதட்டினான்.

"எங்கே உன் புருசன்?"

'சங்கத்துக்கு ஓடியிருக்கிறார், ஊரோடு வருவார்' என்பது வசனம். பரமசிவன் வாயைத் திறந்தான். முன்வரிசையில் பொன்னாயி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேன்னு கேக்குறேன்ல?"

"புள்ளமடுவத்துல ஒளிஞ்சிருக்கான் தொரை" என்றான் பரமசிவன். "மூத்திரத்துணிக்குப் பின்னால. பொண்டாட்டிய வாசல்ல தனியா விட்டுட்டு. சங்கத்துக்கு ஓடினேன்னு பொய் சொல்லி, இத்தனை வருசமா அவ கையால சோறு தின்னுக்கிட்டு இருக்கான்."

என்ன செய்வதென்று தெரியாமல் துரை தொப்பியைக் கழற்றினார். வெட்கம் பிடுங்கித் தின்ன, பரமசிவன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினான்.

அங்கே வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற சில்வஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எல்லாத்தையும் கெடுத்துட்டேன் தம்பி. வசனத்தை விட்டுட்டு என்னென்னமோ பேசிட்டேன்."

"அந்த வசனம் ஒத்திகைக்கு மட்டுந்தாண்ணே" என்றான் சில்வஸ்டர். "'என் சேலையக் கட்டிக்கிட்டு அந்த மனுசனுக்குப் பொய் வராது, எம் வேசத்துக்கு அவரையே போடுங்க'ன்னு சொன்னதே பொன்னாயி அக்காதான்."